கம்பத்தில் ஏறிய நண்டு

உப்பங்கழியில், நீர்மட்டம் பார்ப்பதற்கென்று கோடு போட்ட கம்பம் ஒன்று நின்றது. தண்ணீர் வருஷா வருஷம் ஏறுகிறது என்று அது சொன்னதும் நண்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கம்பத்திலேயே தொற்றிக்கொண்டு, "சுத்தப் புளுகு! கடலாவது, ஏறுவதாவது!" என்று தினமும் ஊரைக் கூட்டியது. நத்தைகளெல்லாம் நண்டு பக்கம்தான். இத்தனை ஏச்சுக்கும் முகம் சுளிக்காமல், கேட்டவர்களுக்கெல்லாம் தன் கோடுகளைக் காட்டியது கம்பம். அந்தப் பொறுமை நண்டுக்கே அதிசயமாகத்தான் இருந்தது, வெளியே சொல்லுமா?

ஒருநாள் பேச்சின் நடுவே நண்டின் கால் நனைந்தது. "ஒரு நிமிஷம்" என்று வழக்கம்போல ஒரு கோடு மேலே நகர்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

"தாராளமா ஏறிக்கோங்க அண்ணே," என்றது கம்பம். "உச்சி வரைக்கும் நான் தாங்குறேன். அதுக்கு மேல கம்பம் இல்ல."