நாலு மணி மாத்திரை

மூன்று மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டிப் போட்டிருக்கிறது. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த நாள் முதல் இரண்டு வருஷமாக முதுகுவலியோடு கிடக்கும் பெயின்டர் உட்காருகிறார், எழுகிறார், சுவரைப் பிடித்து நடக்கிறார், மறுபடி உட்காருகிறார். வலி மாத்திரை அவருடைய அக்காவின் கைப்பையில் இருக்கிறது. அடுத்தது நாலு மணிக்குத்தான் என்பது டாக்டர் உத்தரவு. அக்கா துணி மடித்துக்கொண்டே பையை மடியோடு அணைத்துக்கொள்கிறாள். “ஒண்ணே ஒண்ணு குடுக்கா.” “ரொம்ப வலிக்குதாடா?” ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. மின்விசிறி கிறீச்சிடுகிறது. அவர் விரல்கள் தொடையை விடாமல் தட்டுகின்றன. கழுத்தெல்லாம் வியர்வை. “இல்லக்கா,” என்கிறார் கடைசியில். “இப்ப வலி இல்ல. ஆனாலும் உடம்பு மாத்திரையக் கேக்குது. பயமா இருக்கு.” அக்கா எழுந்து வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொள்கிறாள். “கிளம்பு. இப்ப சொன்னியே, அதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லு.”