வீடு இருக்கும் லட்சணம்

"இப்பவே கிளம்பி வர்றாங்களாம்," என்று போனை வைத்தாள் மெஹர் நிஷா.

அவள் கணவர் ஷம்சுதீன் பதறி எழுந்தார். "ஐயோ, வீடு இருக்கற லட்சணத்தைப் பாரு! அமெரிக்காவுல இந்த பிளானோவுக்கு வந்ததுல இருந்து வெள்ளக்காரங்க நம்ம வீட்டுக்குள்ள வர்றது இதான் ஃபர்ஸ்ட் டைம்."

"அதுக்காக? நீங்க பேசாம உக்காருங்க, நான் பாத்துக்கறேன்."

"நீ கிச்சனைப் பாரு. கருவாட்டு வாடை தெரு வரைக்கும் அடிக்குது."

மெஹர் ஜன்னல்களைத் திறந்தாள். அவர் லுங்கியை அவிழ்த்து பேண்ட் மாட்டினார். வி.சி.ஆர். மேல் கிடந்த துணிகளை அள்ளி அலமாரியில் திணித்தார். வேக்யூம் கிளீனரை ஹால் முழுக்க இழுத்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டது.

"போதும்ங்க, சொன்னா கேளுங்க!" என்று கெஞ்சினாள் மெஹர்.

"சோஃபாவுக்கு அடியில மட்டும்தான் பாக்கி."

காலிங் பெல் அடித்தது. ஷம்சுதீனே ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

வாசலில் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு சுழன்றுகொண்டிருந்தது.

"நெஞ்சுவலி யாருக்கு?" என்று கேட்டார் முன்னால் நின்றவர்.

"எனக்குத்தான்," என்றார் ஷம்சுதீன், ஒரு கையால் நெஞ்சைப் பிடித்தபடி. "உள்ள வாங்க. ஷூவை மட்டும் வெளியிலயே கழட்டிடுங்க, ப்ளீஸ்."