அந்த மனுஷனை அனுப்பிவிடு

"அந்த மனுஷனை இந்த வருஷமாவது வீட்டுக்கு அனுப்பப் போறியா, இல்லையா?"

கல்லூரி முதல்வர் டார்வின் கெல்சோ பதறி எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வெளியே உட்கார்ந்திருந்த செயலாளரின் இரண்டு மகன்களும் கல்லூரி அணியின் கோச் டாஸ்ட்ரூடிடம் அமெரிக்க ஃபுட்பால் ஆடியவர்கள்.

"மெதுவாப் பேசுங்க, லொரெய்னம்மா. யார் காதுலயாவது விழுந்தா என்னைத்தான் முதல்ல அனுப்புவாங்க."

"விழட்டுமே! ஊர்ல எல்லாரும் மனசுக்குள்ள நினைக்கிறதைத்தானே நான் வாய்விட்டுச் சொல்றேன்?"

லொரெய்னுக்கு அறுபத்தெட்டு வயது. பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில், கல்லூரி மைதானத்தின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, முப்பத்து நாலு வருஷமாக ஒரு சனிக்கிழமை ஆட்டத்தையும் விடாமல் பார்த்தவர். அவர் சொல்லும் புள்ளிவிவரத்தில் யாரும் குற்றம் காண முடியாது.

"ஜெயிச்சது நூத்தியொண்ணு. தோத்தது இருநூத்தி முப்பத்தெட்டு. ஒண்ணே ஒண்ணு சமம். அந்தச் சமத்தைப் பத்தி முடிவெட்டுற கடையில இன்னிக்கும் பெருமையடிச்சுக்கிறாங்க."

"ரெண்டாயிரத்து மூணுல கோப்பை வாங்கினோமே?"

"எதிரணி பஸ் பனியில மாட்டிக்கிச்சு, டார்வின். வராதவனை ஜெயிச்சு வாங்கின கோப்பை. அதுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ள விளக்கு வேற!"

டார்வின் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்.

"இன்னும் மூணு அடி போனாப் போதும்னா அவர் என்ன சொல்வார்? பந்தை இடுக்கிக்கிட்டு இடதுபக்கம் ஓடு. தொண்ணூத்தொண்ணுலேர்ந்து அதேதான். மர்டாக் கல்லூரிப் பசங்க முன்னாடியே இடதுபக்கம் வந்து நின்னுக்கிட்டு, விருந்தாளியைக் கூப்பிடற மாதிரி, 'வாங்க, வாங்க'ங்கிறாங்க."

டார்வினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, அப்படி ஓடி மூக்கு உடைபட்டவர்களில் தானும் ஒருவன் என்பது நினைவுக்கு வர, மூக்கைத் தடவிக்கொண்டார். நாலு வருஷம் அந்த அணியில் இருந்து, மொத்தம் பதினோரு நிமிஷம் ஆடியவர் அவர்.

"எனக்கு மட்டும் ஆசையா, லொரெய்னம்மா? நிர்வாகக் குழுவுல ஆறு பேர் அவர்கிட்ட ஆடினவங்க. ஷெரிஃபுக்கு அம்பது வயசு, இடுப்புல துப்பாக்கி. அவரே கோச்சைக் கண்டா தொப்பியைக் கழட்டிட்டு நேரா நிக்கிறார். அவரா ராஜினாமா பண்ணிட்டா ஒரு வம்பும் இல்லை."

"அவராவது, ராஜினாமாவாவது!"

"இன்னும் ஒரே ஒரு சீசன் பாக்கலாமா?"

லொரெய்ன் கையுறைகளை மேஜைமேல் வைத்தார்.

"அக்டோபர்ல ஆட்டத்துக்கு நடுவுல விழுந்தாரே, நீ இருந்தே இல்ல?"

"இருந்தேன். தண்ணி சரியாக் குடிக்கலை, அதான் மயக்கம்னு டாக்டர் சொன்னார்."

"அந்த டாக்டரும் அவர்கிட்ட ஆடினவன். கோச் சொல்லச் சொல்ல எழுதிக் குடுத்தான். ரெஃப்ரி குடுத்த தீர்ப்பு பிடிக்காம தரையில படுத்துக்கிட்டார்னு நினைச்சு ஒரு நிமிஷம் யாரும் கிட்டப் போகலை, டார்வின். கூட்டம் கைதட்டிச்சு. சில பேர் விசிலடிச்சாங்க."

அன்றைக்கு டார்வினும் கைதட்டியிருந்தார்.

"அடுத்த சீசன்ல விழுந்து எழுந்திருக்கலைன்னா? அப்பவும் கைதட்டிட்டு, மைதானத்துக்கு அவர் பேரை வச்சு, சர்ச்சுல சாப்பாடு போட்டு முடிச்சுடுவீங்க. உசிரோட இருக்கறப்ப உண்மையைச் சொல்ல இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்லை."

டார்வின் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"காரணம் என்ன போடட்டும்? உடம்பு சரியில்லைன்னு..."

"உடம்பைப் பத்தி ஒரு எழுத்து வரக்கூடாது. தோல்வின்னு போடு. பச்சையா, தோல்வின்னு போடு."

கடிதம் ஐந்து வரிதான். முதல்வர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

"இதை யார் கொண்டுபோய்க் குடுக்கறது? அவர் முன்னாடி நின்னா நான் இன்னும் இடதுபக்கம் ஓடிடுவேன்."

"எங்கிட்ட குடு. நான் பாத்துக்கறேன்."

"கத்துவாரே!"

"முப்பத்து நாலு வருஷமாக் கேக்கற சத்தம்தானே."

லொரெய்ன் பின்பக்க வாசல் வழியாக வெளியே வந்தார். வண்டிகள் நிறுத்துமிடத்தின் கடைசியில், யார் கண்ணிலும் படாத மரத்தடியில், ஒரு பழைய பிக்கப் வண்டி என்ஜின் ஓடியபடி நின்றது. அவர் ஏறி உட்கார்ந்ததும், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்த கிழவர் கேட்டார்.

"தூக்கிட்டானா?"

"தூக்கிட்டான்."

கோச் டாஸ்ட்ரூட் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "அப்பாடா! பாதியில விட்டுட்டுப் போறவன் கோழைன்னு ஆயிரம் பசங்ககிட்ட கத்தின வாயை வச்சுக்கிட்டு, நானா எப்படி விட்டுட்டு வர்றது?" என்றபடி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.