பின்னிருக்கை

பைக் மேகலாவுடையது. தார்ச்சாலையிலும் காட்டுப் பாதையிலும் ஓடுகிற சின்ன வண்டி. கண்பார்வை பறிபோகும்வரை இந்த மலையில் அவள்தான் ஓட்டினாள். கணவன் பாலமுரளி பின்னால் உட்கார்ந்து, வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். அவளை மறுபடி மேலே கூட்டிவர வேண்டும் என்பதற்காகவே இப்போது ஓட்டக் கற்றிருந்தான்.

"கியரைக் குறைங்க, வண்டி திணறுது" என்றாள். குறைத்தான். கொண்டை ஊசி வளைவுகளில் அவள் உடம்பு தானாகச் சாய்ந்தது. அவன் முதுகு விறைப்பது அவளுக்குத் தெரிந்தது.

உச்சியில் நிறுத்தினான். முன்பெல்லாம் அவள் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நெடுநேரம் பேசாமல் நிற்கும் இடம். இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"கீழ ஏரி தெரியுதா?"



"இல்லம்மா. ஒரே பனிமூட்டம். எதுவுமே தெரியல."

மேகலாவின் கன்னத்திலும் கழுத்திலும் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கையை நீட்டித் துழாவி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, விலகட்டும். அதுவரைக்கும் நிப்போம்" என்றாள்.