தொட்டியின் சூடு

தேவசகாயம் எதையும் ஒருமுறை பார்த்து நம்புகிறவர் அல்லர். கதவைப் பூட்டியபின் மும்முறை இழுத்துப் பார்ப்பார். எரிவாயு உருளை வந்தால், தம் தராசில் நிறுத்துப் பார்த்த பின்னரே கையெழுத்திடுவார். விடிந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, வெந்நீர்த் தொட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது.

இன்றும் தொட்டார்.

வெறும் வெதுவெதுப்புதான்.

அத்தொட்டி அவருடைய பெருமை. பகலில் கூரைமேல் உள்ள சூரியத் தகடுகள் அதைச் சூடாக்கும். மாலையில் கூடத்து விறகடுப்பு. குளிப்பதற்கும் அந்நீரே. சுவரோரக் குழாய்களில் ஓடி, ஊட்டிக் குளிரில் மேல்வீட்டையும் கீழ்வீட்டையும் கதகதப்பாக வைப்பதும் அந்நீரே. வெயிலையும் விறகையும் ஒன்றாக இணைக்கும் படத்தை அவரே வரைந்தார். கோடையில் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

நேற்றுப் படுக்கப் போகும்போது அறுபது டிகிரி இருந்தது.

மார்கழி பிறந்ததிலிருந்து இப்படித்தான். யாரோ இரவில் வெந்நீரைத் திறந்துவிடுகிறார்கள்.

யாரோ என்ன, கீழ்வீட்டில் குடியிருக்கும் பிரமிளாதான். மருத்துவமனையில் செவிலி. பணி முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் வருகிறவள்.

கேட்டார். தான் குளிப்பது ஒரு வாளியில்தான் என்றாள். மறுபடியும் கேட்டார். அதே விடை. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. மார்ச்சு வரையிலாவது பொறுக்கும்படி வேண்டினாள். அவர் இசையவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறாள்.

போகுமுன் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். ஆதலால் நேற்று, கீழ்வீட்டுக்கு வெந்நீர் செல்லும் வால்வைத் தம் கையாலேயே இறுக மூடினார்.

மூடியது மூடியபடியே இருந்தது.

தொட்டியோ ஆறிப்போயிருந்தது.

வேறு வழி ஏதும் வைத்திருப்பாளோ?

ஏணியைச் சாத்திக் கூரைமட்டத்துக்கு ஏறினார்.

ஓடுகளெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தன. சூரியத் தகடுகள் மட்டும் கருமையாக, ஈரமாக இருந்தன.

தொட்டார்.

இளஞ்சூடு.

கையை எடுக்கச் சற்று நேரமாயிற்று.

தொட்டி கீழே, தகடுகள் மேலே. வெந்நீர் இரவெல்லாம் தானாக மேலேறி, சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து இறங்கியிருக்கிறது. அவ்வாறு ஏறாதபடி தடுக்க ஒரு வால்வு வேண்டுமென்று பிளம்பர் ரத்தினசாமி குழாய் மாட்டும்போதே சொன்னார்.

“எனக்கே பாடமா, ரத்தினசாமி? படத்துல உள்ளதை மட்டும் மாட்டும்.”

பத்துப் பேர் முன்னிலையில் அப்படிச் சொன்னவர் இவர்தாம்.

கீழே வாசற்கதவு கிறீச்சிட்டது. பால் பையோடு பிரமிளா அண்ணாந்து பார்த்தாள்.

“என்ன சார், கூரையிலயும் ஒரு குழாய ஒளிச்சு வச்சிருக்கேனான்னு தேடுறீங்களா?”



அவள் உள்ளே போய்விட்டாள். அட்டைப் பெட்டிகளை இழுக்கும் ஓசை கேட்டது.

அவள் போனபின் ரத்தினசாமி சொன்ன வால்வை மாட்டினால் போதும். மறுநாளே தொட்டி சூடாக இருக்கும். வெந்நீர் எங்கே போயிற்று என்று தெரு தானே முடிவு கட்டிக்கொள்ளும். ஒருவரும் அவரை ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள்.

ஏணியிலேயே நின்றார். விரல்கள் மரத்துப்போயின.

பிறகு இறங்கினார். கீழ்வீட்டு வால்வைத் திறந்துவிட்டார்.

ரத்தினசாமியை, பிரமிளா இருக்கும்போதே, இன்றைக்கே வரச் சொல்வது என்று முடிவு செய்தார்.