விளக்கு அணையும்வரை

இஸ்தான்புல்லுக்கும் லிஸ்பனுக்கும் மலிவாக விமான டிக்கெட் கிடைத்துவிட்டது. பத்துப் பேர் படுக்கும் விடுதி அறை, மதியத்துக்கு வெறும் ரொட்டி என்று நந்தகோபால் எல்லாச் செலவையும் சுருக்கிவிட்டான். சுருக்க முடியாமல் நின்றது, மறதி நோய் பிடித்த அப்பாவை அந்த ஒரு வாரம் பார்த்துக்கொள்ளும் நர்ஸின் சம்பளம்தான்.

"நர்ஸ் எதுக்கு? அவரையும் கூட்டிட்டுப் போறோம்னு சொல்லுங்க, ஒரே இடத்துல உட்கார்ந்திருப்பாரு" என்றாள் மனைவி ஷர்மிளா.

அன்றிலிருந்து ஒத்திகை தொடங்கியது. ஜன்னலோர நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து, ஷர்மிளாவின் துப்பட்டாவை அவர் இடுப்பில் சுற்றி, நாற்காலியின் பின்னால் முடிச்சுப் போட்டான். "மேல லைட் எரியுதுல்லப்பா? அது அணையற வரைக்கும் பெல்ட்டைக் கழட்டக் கூடாது." கொஞ்ச நேரம் கழித்து அவன் விளக்கை அணைத்ததும் அப்பா கைதட்டுவார். "வந்துட்டமா?"

புறப்படும் நாளில் அப்பா பழைய கோட்டை மாட்டிக்கொண்டு தானாகவே போய் உட்கார்ந்தார். சாவியை வாங்கிக்கொண்ட பக்கத்து வீட்டம்மா, முடிந்தபோது வந்து சோறு வைப்பதாகச் சொல்லியிருந்தார். நந்தகோபால் முடிச்சை இறுக்கினான்.

"நீ எங்கடா உட்காரப்போற?"

"உங்களுக்குப் பின் சீட்டுலதாம்பா."

"மேல ஏறும்போது என் கையைப் பிடிச்சுக்கடா. நீ பயந்துடுவ."

தெருவில் காரில் ஏறும்போது ஷர்மிளா கேட்டாள். "லைட்டை அணைச்சிட்டீங்களா? கரண்ட் பில் ஏறும்."

"அது எரியட்டும்" என்றான் நந்தகோபால்.

கார் நகர்ந்தது. திறந்திருந்த ஜன்னலில் அப்பா தெரிந்தார். நேராகப் பார்த்தபடி, ஒரு கையை மட்டும் நாற்காலிக்குப் பின்னால் நீட்டி, விரல்களை விரித்து வைத்திருந்தார்.