ஓரமா நிறுத்து!

"இன்னா மாப்ள, கார் டிவில மேட்ச் படம் பட்டுனு நின்னுபோச்சி?"

"வண்டி ஓடும்போது வராது மச்சான். லாக் கீது. நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டாத்தான் வரும்" என்றார் அன்புசெல்வன், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

துளசிராமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆர்.கே.பேட்டையில் ஏறும்போதே கொதித்துக்கொண்டுதான் ஏறினார். தங்கை மகள் பூமிகா, கும்மிடிப்பூண்டி கம்பெனியில் கூட வேலை செய்யும் ஜெரால்டை, இன்று பன்னிரண்டு மணிக்குத் திருவள்ளூர் ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டிக்கொள்ளப் போகிறாள். சேதி நேற்று மதியம்தான் இவர் காதுக்கு வந்தது. தாய்மாமன் மாலை போடாமல் ஒரு கல்யாணமா? அதுவும் வேதக்காரப் பையனோடு?

"நாளைக்கு உன் கார்லயே போறோம், நிறுத்துறோம்" என்று தங்கை புருஷன் அன்புசெல்வனிடம் அப்போதே சொல்லிவிட்டார். அன்புசெல்வன் தலையை ஆட்டினார். மச்சான் பேச்சுக்கு அவர் என்றைக்கும் மறுபேச்சுப் பேசியதில்லை.

பாழாய்ப்போன டெஸ்ட் மேட்ச்சும் இன்றைக்குத்தானா முடிய வேண்டும்! ஆஸ்திரேலியாவில் ஐந்தாம் நாள் ஆட்டம். இந்தியா ஜெயிக்க முப்பது ரன், கையில் இரண்டே விக்கெட். இருவரிடமும் இருப்பதோ பட்டன் போன்.

"ஓரமா நிறுத்து. ஒரே ஒரு ஓவர்."

"நேரமாவுது மச்சான். அங்க கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னா?"

"பன்னண்டு மணிக்குத்தானே? நிறுத்துய்யா!"

கனகம்மாசத்திரம் தாண்டி வண்டி நின்றது. படம் வந்தது. ஒரு ஓவர் நாலு ஓவரானது. ஒரு விக்கெட் விழ, துளசிராமன் தொடையில் அடித்துக்கொண்டார்.

"கிளம்பலாமா மச்சான்?"

"ம்."

வண்டி நகர்ந்தது, திரை கறுத்தது. இரண்டு கிலோமீட்டர்கூட அவரால் தாங்க முடியவில்லை.

"பேஜாரா கீதே! நிறுத்து, நிறுத்து. ஸ்கோர் மட்டும் பாத்துக்கலாம்."

"மேட்ச் முக்கியமா, பொண்ணு முக்கியமா மச்சான்?" அன்புசெல்வன் சிடுசிடுத்தார்.

"நீ பொண்ணை ஒழுங்கா வளத்திருந்தா, நான் ஏன்யா நடுரோட்ல குந்திக்கினு மேட்ச் பாக்கப் போறேன்?"

அதன்பிறகு ஒரு டீக்கடை வாசலில் நின்றார்கள். பெட்ரோல் பங்கில் நின்றார்கள். ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நின்றபோது உள்ளிருந்து ஒருவர் ஓடிவந்து, "வாங்க வாங்க, மாப்பிள்ளை வூடா?" என்று கும்பிட்டார்.

மணி பதினொன்றே முக்கால். ஜெயிக்க நாலு ரன். துளசிராமன் பல்லைக் கடித்துக்கொண்டு, "போதும், ஓட்டு! மானம்தான் பெருசு" என்றார். திரை கறுத்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆபீஸ் வாசலில் இறங்கியபோது பன்னிரண்டு இருபது. மாலையும் கழுத்துமாகப் பூமிகாவும் ஒரு பையனும் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். மேட்ச்சும் போச்சு, கல்யாணமும் கைமீறிப் போச்சு!

"எவன்டா அந்த ஜெரால்டு?" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தார்.

"நான்தான் மாமா." பையன் முகமெல்லாம் பல்லாகப் போனை நீட்டினான். "ஜெயிச்சிட்டோம் மாமா! கடைசி விக்கெட்டு, ஒரே அடி, ஃபோரு! பாருங்க."

பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தார். கண் கேட்கவில்லை. பந்து கயிற்றைத் தொட்டதும், "அட்றா சக்க!" என்று கத்திவிட்டார். பையனின் தோளைத் தான் கட்டிப்பிடித்திருப்பது அப்புறம்தான் தெரிந்தது. அதற்குள் பூமிகா காலில் விழுந்துவிட்டாள். தூக்கி வளர்த்த பெண். கைபிடித்து எழுப்பினார்.

"இனிமே இன்னா பண்றது... நல்லா இருங்க, போங்க."

பாவம், பெண்ணைப் பெற்றவர் என்ன பாடுபடுகிறாரோ, ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லலாம் என்று காரைத் தேடிப் போனார். வண்டிக்குப் பின்னால் நின்று அன்புசெல்வன் கார் மெக்கானிக்கிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ராபின், ரெண்டு வருஷம் முன்னாடி நீ கழட்டிக் குடுத்தியே அந்த வீடியோ லாக்கு, நேத்து சாயங்காலம் திரும்ப மாட்டினது சூப்பரா வேல செஞ்சிதுப்பா. வண்டிய எடுத்துக்கினு வரேன், மறுபடியும் கழட்டிடு!"